டி.என்.ஏ.ஐ. ஆயுள் உறுப்பினர் சந்தா: செவிலியர் கட்டலாமா?

பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ படிப்போ முடித்துக் கவுன்சில் பதிவும் கைக்கு வந்த பிறகு, ஒரு செவிலியர் தாமாக விரும்பினால் மட்டுமே நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. ட்ரெயின்டு நர்சஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா, அதாவது நாம் எல்லோரும் டி.என்.ஏ.ஐ. என்று சொல்லும் அகில இந்தியச் செவிலியர் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் படிவந்தான் அது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்-சார்ஜாகப் பணிபுரியும் நான் பல ஆண்டுகளாக அதன் உறுப்பினர். வார்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "சிஸ்டர், இதுல சேர்ந்தா நமக்கு என்ன கிடைக்கும்? சம்பளம் ஏறுமா?" என்று கேட்பது வழக்கம். மாதச் சம்பளத்தில் விடுதி வாடகையும் கல்விக்கடன் தவணையும் போக மிஞ்சுவதை எண்ணிப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள் அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. அதனால் இந்த உறுப்பினர் அட்டையைக் காசு கொடுத்து வாங்கும் ஒரு சேவையாகவே வைத்து, அதில் எது உருப்படியானது, எது இல்லை என்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சேர்ந்துவிட்டு ஏமாந்ததாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் குழப்பத்தோடு சேர்ந்தவர்களே. சென்னை சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில், 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்த அரசு சார்ந்த அமைப்பு. அங்கே பதிவு செய்யாமல் நாம் ஊசி போட முடியாது; 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அந்தக் கவுன்சில் நம்மிடமிருந்து நோயாளியைக் காப்பதற்காக இருக்கிறதே தவிர, நமக்காகப் பேசுவதற்காக இல்லை. தொழிற்சங்கம் என்பது வேறு: சம்பளம், டியூட்டி நேரம், விடுப்பு, பணி நீக்கம் ஆகியவற்றைப் பற்றி நிர்வாகத்தோடு பேரம் பேசுவதும், பேரம் படியாதபோது வாசலில் உட்காருவதும் அதன் வேலை. டி.என்.ஏ.ஐ. இவை இரண்டும் அல்லாத தொழில்முறைச் சங்கம். தொழிலின் தரம், கல்வி, நெறிமுறை, அரசாங்கத்தின் முன் தொழிலுக்கு ஒரு குரல் ஆகியவையே அதன் பொறுப்பு. ஆகவே அடுத்த மாதச் சம்பளத்தில் மாற்றம் வரும் என்று எண்ணி இதில் சந்தா கட்டுகிறவருக்கு ஏமாற்றம் உறுதி.

இந்தச் சங்கத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள அதன் பிறப்பைப் பார்த்தாலே போதும். 1905-இல் லக்னோவில் நர்சிங் கண்காணிப்பாளர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 1908-இல் பயிற்சி பெற்ற எல்லாச் செவிலியர்களுக்குமான சங்கம் உருவானது. 1922-இல் இரண்டும் ஒன்றாயின. 1910 முதல் அதற்கென ஒரு சஞ்சிகை வெளிவருகிறது. 1912-இல் அனைத்துலகச் செவிலியர் மன்றத்தோடு இணைந்தது. 1929-இல் மாணவச் செவிலியர் சங்கம், அதாவது கல்லூரியில் நாம் எல்லோரும் பார்த்த எஸ்.என்.ஏ., தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து நடக்கும் அமைப்பு நம் நாட்டில் எளிதில் காணக் கிடைக்காது; அதற்குரிய மரியாதையை நான் கொடுக்கிறேன். ஆனால் கண்காணிப்பாளர்கள் தொடங்கிய சங்கம் என்ற சாயல் இன்றுவரை போகவில்லை என்பது என் கணிப்பு. மனு எழுதும், குழுவில் உட்காரும், அமைச்சரைச் சந்திக்கும், மாநாட்டில் தீர்மானம் போடும், முழக்கம் எழுப்பாது. மேடையில் கல்லூரி முதல்வர்களும் நர்சிங் சூப்பிரண்டுகளும் இருப்பார்கள். இரவு டியூட்டி முடித்துவிட்டு வந்த ஸ்டாஃப் நர்ஸ் கடைசி வரிசையில் கண் அயர்ந்துகொண்டிருப்பார்.

சேர்ந்தால் கைக்கு வரும் பயன்களைப் பார்ப்போம். முதலில் சொல்ல வேண்டியது சஞ்சிகை. அது ஆங்கிலத்தில் வருகிறது. ஆய்வுக் கட்டுரைகள் மிகுதி, அவற்றில் கணிசமானவை 'இன்ன கிராமத்துத் தாய்மார்களிடையே இன்ன பற்றிய அறிவு எந்த அளவில் உள்ளது' என்ற ஒரே அச்சில் வார்த்த எம்.எஸ்சி. ஆய்வுகள். ஆசிரியப் பணிக்குப் போக விரும்புகிறவருக்கும் கட்டுரை வெளியிட வேண்டிய கட்டாயத்தில் இருப்பவருக்கும் அது மிகவும் பயன்படும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரோடு போராடும் செவிலியருக்கு அடுத்த நாள் காலை பயன்படுகிற செய்தி எப்போதாவது ஒன்றிரண்டு கிடைக்கும். எங்கள் வார்டில் அந்த இதழைப் பிரித்துப் படிக்கிறவர்கள் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் மட்டுமே என்பதை மறைப்பதில் பொருளில்லை. தமிழில் ஒரு இணைப்பிதழ் வந்தால், ஜி.என்.எம். படித்துவிட்டுச் சிறு ஊர்களின் மருத்துவமனைகளில் பணிபுரியும் ஆயிரக்கணக்கானோர் அதைப் படிப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது தொடர்கல்வி. கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்ற விதி வந்த பிறகு, கருத்தரங்குச் சான்றிதழுக்குத் திடீரென்று மதிப்பு கூடியிருக்கிறது. சங்கமும் அதன் மாநிலக் கிளைகளும் கருத்தரங்குகள் நடத்துகின்றன. ஆனால் தனியார் மருத்துவமனைகளும் நர்சிங் கல்லூரிகளும்கூட அவற்றை நடத்துகின்றன. உறுப்பினர் அல்லாதவரும் பணம் கட்டி அமரலாம். இதற்காகவே ஆயுள் சந்தா கட்டத் தேவையில்லை. எங்கே கலந்துகொண்டாலும், சான்றிதழில் கவுன்சில் ஒதுக்கிய மணி நேரமோ புள்ளியோ அச்சாகியிருக்கிறதா என்று அரங்கைவிட்டு வெளியேறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாத வண்ணக் காகிதங்கள் பல பேருடைய கோப்புகளில் சும்மா கிடக்கின்றன.

மேற்படிப்புக்கான உதவித்தொகை, தில்லி கிரீன் பார்க்கில் உள்ள தலைமையகத்தில் தங்கும் வசதி, பாடப்புத்தகங்கள், செய்முறைக் கையேடுகள் ஆகியவையும் உண்டு. வெளிநாட்டுப் பணிக்காகத் தூதரகம், தேர்வு, நேர்காணல் என்று தில்லிக்கு அலையும் ஒரு பெண்ணுக்கு நம்பித் தங்க ஓர் இடம் இருப்பது சிறிய விஷயம் இல்லை. செவிலியருக்கு ரயில் கட்டணத்தில் 25 சதவீதச் சலுகை இருந்த காலம் ஒன்று உண்டு. மூத்தவர்கள் பலர் அதற்காகவே சேர்ந்ததாகச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 2020 மார்ச்சில் ரயில்வே, மாற்றுத்திறனாளிகள், சில வகை நோயாளிகள், மாணவர்கள் தவிர மற்றவர்களுக்கான சலுகைகளை நிறுத்தியபோது அதுவும் போய்விட்டது. அந்தச் சலுகையைச் சொல்லி யாரேனும் இப்போது உங்களைச் சேர்க்கப் பார்த்தால், அவர் பழைய கையேட்டைப் படித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுதான் என்றால் நான் யாருக்கும் இதைப் பரிந்துரைத்திருக்க மாட்டேன். சங்கத்தின் உண்மையான மதிப்பு, தனி ஆளாக நம்மில் ஒருவரும் செய்ய முடியாததைச் செய்யும் இடத்தில் இருக்கிறது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் சம்பளமும் பணிநிலையும் மோசமாக இருப்பதைச் சொல்லி டி.என்.ஏ.ஐ. 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனுத் தாக்கல் செய்தது. அந்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று, இதை ஆராய ஒரு குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. குழு கொடுத்த பரிந்துரை இது: 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, அந்த மாநில அரசு அதே நிலைச் செவிலியருக்குத் தரும் சம்பளத்துக்கு இணையாகத் தர வேண்டும், 100-க்கு மேல் படுக்கைகள் இருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்கும் குறைவான படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனையாக இருந்தாலும் மாதம் ரூ.20,000-க்குக் கீழே போகக் கூடாது. விடுப்பு, பணிநேரம், மருத்துவ வசதி, போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவையும் அரசுச் செவிலியருக்கு உள்ளதுபோல் இருக்க வேண்டும் என்றது. மத்திய அரசு இதை மாநிலங்களுக்கு அனுப்பி வைத்தது.

இந்த வழக்கை ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தொடுத்திருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். தொடுத்த மறுநாளே அவருக்கு வேலை போயிருக்கும். தீர்ப்பு வருவதற்குள் அவர் குவைத்துக்கோ அயர்லாந்துக்கோ போயிருப்பார். ஐந்து ஆண்டுகள் தில்லியில் வழக்கறிஞர் வைத்து, ஒவ்வொரு தவணைக்கும் ஆஜராகி, எந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கும் அஞ்சத் தேவையில்லாமல் நிற்க ஒரு அமைப்பு வேண்டியிருந்தது. அந்த அமைப்பு நம்முடைய சந்தாப் பணத்தில் நடக்கிறது. எங்கள் மருத்துவமனையில் சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் நாங்கள் மேற்கோள் காட்டும் ரூ.20,000 என்ற எண், இந்த மனுவிலிருந்து பிறந்த எண்தான்.

அதே கதையின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும். பரிந்துரை பரிந்துரையாகவே பல மாநிலங்களில் கோப்பில் உறங்கியது. கேரளத்தில் அது உயிர் பெற்றதற்குக் காரணம் வேறொரு அமைப்பு. 2011-இல் தொடங்கிய யுனைட்டெட் நர்சஸ் அசோசியேஷன், பெயரில் அசோசியேஷன் என்று இருந்தாலும் நடப்பில் முழுத் தொழிற்சங்கம். மருத்துவமனை மருத்துவமனையாக வேலைநிறுத்தம் நடத்தி, கடைசியில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் வரை நடைபயணம் அறிவித்தது. பயணம் தொடங்கவிருந்த நாளுக்கு முந்தைய நாள், 2018 ஏப்ரல் 23 அன்று, தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் ரூ.20,000 என்ற அரசாணையைக் கேரள அரசு வெளியிட்டது. தில்லியில் மனுவால் பிறந்த எண்ணைக் கேரளத்தில் தெருவில் இறங்கியவர்கள் சம்பளச் சீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டின் தனியார் துறையில் அந்த அளவுக்கு மாநிலம் தழுவிய தெருப்போராட்டம் நடக்கவில்லை. அதனால்தான் சிறு நகரங்களின் நர்சிங் ஹோம்களில் அந்தத் தொகையை எட்டாத சம்பளச் சீட்டுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அரசுத் துறையில் எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்கள், ரூ.7,700 தொகுப்பூதியத்தை எதிர்த்து 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்தபோதும், அங்கே அமர்ந்தது அவர்களே அமைத்துக்கொண்ட சங்கந்தான்.

நிர்வாகங்களின் முகத்தைப் பார்த்தாலும் இந்த வேறுபாடு புரியும். டி.என்.ஏ.ஐ. கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் மேட்ரன் சிரித்த முகத்தோடு டியூட்டி மாற்றித் தருவார். யூனியன் என்ற சொல் காதில் விழுந்தால் மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வரும். நிர்வாகம் இவ்வளவு விரும்புகிற ஒரு சங்கம் நமக்கு எவ்வளவு தூரம் துணை நிற்கும் என்று இளையவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் சங்கத்தில் ஈடுபாட்டோடு இருப்பதால் ஒருவருக்கு வரும் தெளிவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முன்பு நான் பணிபுரிந்த ஒரு மருத்துவமனையில், இரவு டியூட்டியில் ஒரு நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக் டோஸ் தாமதமானதற்காக ஓர் இளம் செவிலியருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். பதில் அன்று மாலைக்குள் வேண்டும் என்றார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே, 'நான் செய்தது பெரும் தவறு, மன்னிக்க வேண்டும்' என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். சங்கத்தின் கிளைப் பணிகளில் பல காலம் இருந்த ஒரு மூத்த சிஸ்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதைக் குடுத்தேன்னா நாளைக்கு உன் ரெஜிஸ்ட்ரேஷனுக்கே இது எதிரா நிக்கும்மா. நடந்ததை மட்டும் எழுது" என்றார். மருந்து எத்தனை மணிக்கு எழுதப்பட்டது, பார்மசியிலிருந்து எத்தனை மணிக்கு வார்டுக்கு வந்தது, எத்தனை மணிக்குச் செலுத்தப்பட்டது, அந்த நேரத்தில் அவள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள், பணி மருத்துவருக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது ஆகிய ஐந்தையும் நர்ஸ் நோட்ஸைப் பார்த்து எழுத வைத்தார். பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், போதனா மருத்துவமனை என்றால் 3 பேருக்கு ஒருவர் என்ற, மாநிலக் கவுன்சில்களுக்கு மேலே நாடு முழுமைக்குமாக இருக்கும் இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோலையும் கடைசி வரியில் சேர்க்கச் சொன்னார். மெமோ அதோடு கோப்பில் அடங்கிவிட்டது. அந்தச் சிஸ்டருக்கு அந்த அளவுகோல் விரல்நுனியில் இருந்ததற்குக் காரணம், பல மருத்துவமனைகளின் செவிலியர்கள் கூடிப் பேசும் இடங்களில் அவர் இருந்து பழகியதே. ஒரே மருத்துவமனைக்குள் அடைந்துகிடந்த எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இங்கே இல்லாத ஒரு வசதியையும் குறிப்பிட வேண்டும். பிரிட்டனுக்குப் போகும் நம் பிள்ளைகள் அங்குள்ள ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கில் சேர்ந்தால், 1916-இல் தொடங்கிய அந்த ஒரே அமைப்பு தொழில்முறைச் சங்கமாகவும் தொழிற்சங்கமாகவும் இருக்கிறது. விசாரணை என்று வந்தால் சட்ட உதவி தருகிறது, 2022 டிசம்பரில் இங்கிலாந்தில் வேலைநிறுத்தமும் நடத்தியது. அங்கே போய்ச் சேர்ந்த மறுவாரமே சேர்ந்துவிடுங்கள் என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான். நம் ஊரில் இந்த இரண்டு வேலையையும் இரண்டு வெவ்வேறு வாசல்களில் தேட வேண்டியிருக்கிறது. குறிப்பிட்ட துறையில் ஊன்றிவிட்டவர்களுக்கு மூன்றாவது வாசலும் உண்டு: மனநலச் செவிலியருக்கு இந்தியன் சொசைட்டி ஆஃப் சைக்யாட்ரிக் நர்சஸ், பிரசவம் பார்ப்பவர்களுக்குச் சொசைட்டி ஆஃப் மிட்வைவ்ஸ் இந்தியா என்று துறைவாரிச் சங்கங்கள் இருக்கின்றன. வேலை சார்ந்த அறிவு மட்டும் போதும் என்பவருக்கு, பொதுச் சங்கத்தைவிட அவை கூடுதலாகப் பயன்படும்.

இப்போது சேர்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம், கவுன்சிலில் டி.என்.ஏ.ஐ. தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு இடம் கொடுத்திருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023-இல் தேசிய செவிலியம் மற்றும் பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. புதிய ஆணையத்தின் உறுப்பினர்கள் பெரும்பாலும் மத்திய அரசால் நியமிக்கப்படுகிறவர்கள். படிப்பின் பாடத்திட்டம், நுழைவுத் தேர்வு, பதிவேடு என்று நம் தொழிலின் அடித்தளம் முழுவதும் மாறப்போகும் இந்தக் காலத்தில், வெளியே நின்று எழுதிக் கேட்க நாடு தழுவிய ஒரு சங்கம் வலுவாக இருப்பது அவசியம். அந்தச் சங்கம் கண்காணிப்பாளர்களின் குரலாகவே இருக்கிறது என்று குறைப்படுகிறவர்கள், உள்ளே வந்து வாக்களித்தால்தான் அது மாறும்.

யார் சேரலாம் என்று கேட்டால் என் பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஆசிரியப் பணியிலும் நிர்வாகத்திலும் இருப்பவர்கள், எம்.எஸ்சி. படிக்கப் போகிறவர்கள், ஆய்வு எழுதுகிறவர்கள் யோசிக்காமல் சேரலாம். போட்ட பணம் திரும்பி வந்துவிடும். நிரந்தர வேலையில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸும் சேர வேண்டும் என்பதே என் கருத்து. சந்தா ஆயுளுக்கு ஒரு முறை கட்டுவது என்பதால், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொல்லை இல்லை. அரசுப் பணியில் தொகுப்பூதியத்தில் இருப்பவரும், குறிப்பிட்ட காலம் வேலையை விட மாட்டேன் என்று பாண்ட் எழுதிக் கொடுத்து அசல் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டுக் குறைந்த சம்பளத்தில் மாட்டிக்கொண்டவரும் கையில் உள்ள பணத்தை முதலில் ஒரு தொழிற்சங்கத்துக்குக் கொடுக்கட்டும்; அவர்களுடைய பிரச்சினைக்கு இன்று வேண்டியது அது. டி.என்.ஏ.ஐ. படிவத்தை அடுத்த ஆண்டு நிரப்பினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஓரிரு ஆண்டுகளில் வெளிநாடு போய்விடுவது உறுதி என்றிருப்பவர், அந்த நாட்டுச் சங்கத்துக்கு அந்தப் பணத்தை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சேர முடிவு செய்தவர்கள் கட்டணத்தை யாரோ சொன்னார்கள் என்று நம்பாமல், தலைமையகத்தின் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்து நேரடியாகக் கட்டுவது நல்லது. கவுன்சில் பதிவுச் சான்றிதழின் தெளிவான நகலை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்குப் பின் பெயரின் முதலெழுத்து மாறியவர்கள், பதிவில் உள்ள பெயரிலேயே விண்ணப்பித்தால் பிறகு உறுப்பினர் எண்ணுக்கும் பதிவு எண்ணுக்கும் இடையே பெயர்த் திருத்தம் கேட்டு அலைய வேண்டியிராது.